பார்ப்பவர் படுத்துவிடாமல்: இலங்கை மலையகத்தில் வீட்டுப் பராமரிப்புக்கு ஆள் எடுக்கும் வழி

பாரிசவாதம் வந்தவரை வைத்தியசாலை வாட்டிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் மாதத்தில் யாரும் வெளியாள் தேடுவதில்லை. "நாமளே பார்த்துக்குவோம்" என்பதுதான் எல்லா வீட்டிலும் பேச்சு. அந்த "நாம" நடைமுறையில் ஒரே ஒரு ஆள்: மருமகள், கல்யாணமாகாத மகள், அல்லது தானே பிரஷர் மாத்திரை போடுகிற மனைவி. அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் ஆள் தேடத் தொடங்குகிறார்கள். அந்த அவசரத்தில் கேட்ட காசைக் கொடுத்து, வந்த ஆளை எடுக்க வேண்டியதாகிறது.

முழுநேர நர்ஸ் வைக்க வசதியில்லாத வீடுகளை மனதில் வைத்தே இதை எழுதுகிறோம். எல்லா நேரத்துக்கும் ஆள் தேவையில்லை. நோயாளியைப் பார்ப்பவரை உடைக்கிற நேரம் எது என்று கண்டுபிடித்து அந்த நேரத்துக்கு மட்டும் உதவி வாங்கினாலே பெரும்பாலான வீடுகளில் சமாளிக்கலாம்.

1. ஏழு நாள் எழுதிப் பாருங்கள்

ஒரு சி.ஆர். கொப்பியை எடுத்து, பார்ப்பவர் எத்தனை மணிக்கு எழும்பினார், எதற்காக எழும்பினார், எத்தனை நிமிடம் ஆனது என்று ஏழு நாள் எழுதுங்கள். இரவையும் சேர்த்து எழுத வேண்டும். பலருக்கு இங்கேதான் விஷயம் புரிகிறது.

தானாகப் புரண்டு படுக்க முடியாதவரைப் படுக்கைப்புண் வராமல் காக்க, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்ற வேண்டும். இரவு பத்துக்குத் திருப்பினால் அடுத்தது பன்னிரண்டு, பிறகு இரண்டு, நான்கு, ஆறு. இடையில் ஒரு தடவை பேம்பர்ஸ் மாற்ற வேண்டிவரும். காலையில் பெரட்டுக்கு (தோட்டத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு) போகவேண்டிய ஒருவர் இதை ஒரு மாதம் செய்தால் உடம்பு என்ன ஆகும் என்று யாரும் விளக்கத் தேவையில்லை. பகல் வேலை கடினம்தான், ஆனால் ஆளை உடைப்பது இரவு.

கொப்பியோடு சேர்த்து இவற்றையும் கவனியுங்கள்: பார்ப்பவர் தன் சொந்தக் கிளினிக் திகதியைத் தவறவிட்டிருக்கிறாரா, தன் மாத்திரை முடிந்தும் எடுக்காமல் இருக்கிறாரா, நின்றுகொண்டே சாப்பிடுகிறாரா, சின்ன விஷயத்துக்குக் கத்திவிட்டுப் பிறகு அழுகிறாரா. படுத்திருப்பவரை முரட்டுத்தனமாக இழுப்பது, கை ஓங்குவது வரை போயிருந்தால் அதைக் குணக்கேடு என்று பேசாதீர்கள். தூக்கமில்லாத உடம்பு அப்படித்தான் நடந்துகொள்ளும். அந்த வாரமே ஆள் வேண்டும். "செத்துப்போனா நல்லா இருக்கும்" என்று தன்னைப் பற்றியோ நோயாளியைப் பற்றியோ சொல்லத் தொடங்கினால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926, அல்லது 1333 இலக்கத்துக்கு அழையுங்கள். கிட்டிய வைத்தியசாலையின் மனநலக் கிளினிக்குக்கும் கூட்டிப்போகலாம்.

2. வேலையை மூன்றாகப் பிரியுங்கள்

ஆள் தேடுகிறவர்கள் செய்யும் முதல் பிழை "ஒரு நர்ஸ் வேணும்" என்று கேட்பது. நர்ஸ் செய்யவேண்டிய வேலை ஒரு நாளில் அரை மணித்தியாலம்கூட இருக்காது. மீதி நேரத்துக்கும் நர்ஸுக்குரிய காசு போகும்.

முதல் வகை, பழகினால் யாரும் செய்யக்கூடியது: துணி துவைப்பது, கஞ்சி வைப்பது, பக்கத்தில் இருப்பது, பேச்சுத்துணை, கிளினிக்கில் நம்பர் எடுத்து வரிசையில் நிற்பது.

இரண்டாவது, பயிற்சி வேண்டியது: உடம்பு துடைப்பது, குளிப்பாட்டுவது, பேம்பர்ஸ் மாற்றுவது, பக்கம் திருப்புவது, கட்டிலிலிருந்து கதிரைக்கு மாற்றுவது, விழுங்கக் கஷ்டப்படுகிறவருக்கு ஊட்டுவது. பராமரிப்பாளர் பயிற்சி பெற்றவர் இதற்குப் பொருத்தம்.

மூன்றாவது, பதிவுபெற்ற தாதிக்கு மட்டும் உரியது: கதீற்றர் (சிறுநீர்க் குழாய்) போடுவதும் மாற்றுவதும், மூக்கு டியூப் போடுவது, ஊசி, ஆழமான புண்ணுக்கு மருந்து கட்டுவது. இவற்றுக்கு ஆளை மாதச் சம்பளத்தில் வைக்காமல் வருகைக்கு இவ்வளவு என்று பேசலாம். சாதாரண லேட்டக்ஸ் கதீற்றரை இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் மாற்றுவார்கள், சிலிக்கன் என்றால் பன்னிரண்டு வாரம் வரை போகும். எந்த வகை போட்டார்கள், எந்தத் திகதியில் மாற்ற வேண்டும் என்பதை வாட்டிலேயே எழுதி வாங்குங்கள். வைத்தியசாலைக்குக் கொண்டுபோக முடிந்தால் அங்கே இலவசமாகவே மாற்றலாம். தோட்டத்தின் மேல் டிவிஷனிலிருந்து (பிரிவிலிருந்து) ஆளைத் தூக்கிக்கொண்டு இறங்கும் வாகனக் கூலியையும், தாதி வீட்டுக்கு வரக் கேட்கிற காசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவெடுங்கள்.

3. வாட்டை விட்டு வருமுன்

துண்டு வெட்டும் (வீட்டுக்கு அனுப்பும்) நாளுக்கு முன்பே கேட்டால் கிடைக்கும், பிறகு அலைந்தாலும் கிடைக்காத சில விஷயங்கள் உண்டு. நுவரெலியா, டிக்கோயா, பதுளை, கண்டி எந்த வைத்தியசாலையானாலும் இதே ஒழுங்குதான்.

வீட்டில் பார்க்கப்போகிறவரே வாட்டுக்கு வர வேண்டும். வந்து போகிற மாமா பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லிக்கொடுப்பது சரிவராது. பக்கம் திருப்புவது, டியூப்பில் சாப்பாடு கொடுப்பது, கதீற்றர் பையை வெறுமையாக்குவது ஆகியவற்றைத் தாதி முன்னிலையில் தன் கையால் இரண்டு தடவையாவது செய்து காட்ட வேண்டும். பிசியோதெரபிஸ்டிடம் கட்டிலிலிருந்து கதிரைக்கு மாற்றும் முறையைக் கேளுங்கள். இழுத்துப்போன கையைப் பிடித்துத் தூக்கினால் தோள் மூட்டு விலகிவிடும். வீட்டில் அதிகம் நடக்கும் சேதம் இதுதான்.

வாங்கிக்கொள்ள வேண்டிய பத்திரங்கள்: டயக்னோசிஸ் கார்ட் (நோய் விபரம் எழுதிய அட்டை), கிளினிக் புத்தகம், மருந்துப் பட்டியல், அடுத்த கிளினிக் திகதி. டயக்னோசிஸ் கார்டை உடனே மூன்று போட்டோ கொப்பி எடுங்கள். ஒன்று பராமரிப்பாளருக்கு, ஒன்று பிரதேச செயலகத்துக்கு, ஒன்று அவசரத்துக்குக் கொண்டுபோகும் பையில். மூலப்பிரதியை யாரிடமும் கொடுக்க வேண்டாம்.

பெயரைச் சரிபாருங்கள். அடையாள அட்டையில் ஒரு எழுத்து, கிளினிக் புத்தகத்தில் இன்னொரு எழுத்து, ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) பதிவில் மூன்றாவது எழுத்து என்று இருப்பது தோட்டத்து முதியவர்களிடம் சர்வ சாதாரணம். கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்கும்போது இதில்தான் மாதக்கணக்கில் இழுபடும். கார்ட் எழுதுகிற நேரத்தில் அடையாள அட்டையை நீட்டி "இதில உள்ள மாதிரியே எழுதுங்க" என்று கேட்பதற்கு ஒரு நிமிடம் போதும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் துண்டு வெட்டினால், முடிந்தவரை திங்கட்கிழமைக்குத் தள்ளிக் கேட்டுப் பாருங்கள். சனி ஞாயிறில் சந்தேகம் கேட்க ஆள் கிடைக்காது, டவுனில் சில பாமசிகளும் பூட்டியிருக்கும்.

4. அரசாங்கத்தில் கிடைப்பதை முதலில் எடுங்கள்

கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடக் கடிதம், அடையாள அட்டைக் கொப்பி, டயக்னோசிஸ் கார்ட் கொப்பி, வங்கிப் புத்தகக் கொப்பி ஆகியவற்றை ஒரே கோப்பில் போட்டுக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போங்கள். அங்கே பார்க்க வேண்டியவர்கள் சமூக சேவை உத்தியோகத்தரும், முதியோர் விடயம் பார்க்கும் உத்தியோகத்தரும்.

60 வயது தாண்டியவருக்கு முதியோர் அடையாள அட்டை எடுக்கலாம். சக்கர நாற்காலி, ஊன்றுகோல் போன்றவற்றுக்குச் சமூக சேவை உத்தியோகத்தர் வழியாக விண்ணப்பிக்கலாம், ஆனால் உடனே கிடைக்காது. அதனால் ஆள் வாட்டில் இருக்கும்போதே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள். மாதக் கொடுப்பனவுகளும் உண்டு. 2025 வரவு செலவுத் திட்டத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கும் சிறுநீரக நோயாளருக்குமான கொடுப்பனவு 7,500 ரூபாயிலிருந்து 10,000 ஆகவும், குறைந்த வருமானமுள்ள முதியவர்களுக்கானது 3,000 இலிருந்து 5,000 ஆகவும் உயர்த்தப்பட்டது. தகுதி அஸ்வெசும (அரசாங்க நலன்புரிக் கொடுப்பனவுத் திட்டம்) பதிவோடு தொடர்புபட்டிருப்பதால் அந்த விபரத்தையும் கொண்டுபோங்கள்.

சில வைத்தியசாலைகளில் பொதுச் சுகாதார தாதிய உத்தியோகத்தர் இருக்கிறார், வீட்டுக்கு வந்து பார்ப்பதும் உண்டு. உங்கள் பகுதியில் இருக்கிறாரா என்று வைத்தியசாலையில் கேளுங்கள். தோட்டத்தில் இருப்பவர்கள் டிஸ்பென்சரியிலும் நலன்புரி உத்தியோகத்தரிடமும் சொல்லி வையுங்கள். அவசரத்துக்குத் தோட்ட வாகனம் கேட்கும்போது, ஏற்கெனவே தெரிந்த நோயாளி என்றால் பேச்சு சுருங்கும்.

படுத்திருப்பவருக்கு நினைவு தெளிவாக இருக்கும்போதே வங்கி வேலையை முடித்துவிடுங்கள். கணக்கில் இன்னொருவர் பணம் எடுக்க அனுமதி, தேவையென்றால் அற்றோனித் தத்துவம் (அவர் சார்பில் செயல்பட எழுதிக்கொடுக்கும் அதிகாரம்), இரண்டுக்கும் அவர் புரிந்து கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். நினைவு குழம்பிய பிறகு சட்டத்தரணியும் ஒன்றும் செய்ய மாட்டார்.

5. ஆளைத் தேடுவது, சோதிப்பது

மூன்று வழி உண்டு. கண்டியிலோ கொழும்பிலோ உள்ள ஏஜென்சி, தனியாக வேலை செய்யும் பராமரிப்பாளர், உங்கள் டிவிஷனிலேயே ஓர் ஆள்.

ஏஜென்சியில் ஆள் வராவிட்டால் மாற்றாள் கேட்கலாம், அதுதான் அதன் பெறுமதி. ஆனால் "24 மணித்தியாலமும் தங்கிப் பார்ப்பார்" என்று சொல்லும்போது நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, அவர் எங்கே தூங்குவார் என்பது. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் (தோட்ட வரிசை வீட்டு அறையில்) நோயாளியின் கட்டிலும் போட்டு, குடும்பமும் இருக்கும்போது தங்குகிற ஆள் இரண்டாம் நாளே கிளம்பிவிடுவார். இஸ்தோப்பை (முன் திண்ணையை) அடைத்து ஒரு ஆள் படுக்க இடம் செய்ய முடியாவிட்டால் தங்கும் ஆளை எடுக்காதீர்கள். பகல் ஆள் என்றால் பஸ்ஸைப் பார்த்து நேரம் வையுங்கள். மேல் டிவிஷனுக்குக் காலை ஆறு மணிக்கே யாராலும் வந்து சேர முடியாது. இரவு ஆள் பின்னேரக் கடைசி பஸ்ஸில் ஏறி வந்து, மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போகிற மாதிரி ஏற்பாடு செய்தால் நிலைக்கும்.

தோட்டத்தில் பெரும்பாலும் சரிவருவது மூன்றாவது வழி. ஓய்வுபெற்ற பிள்ளைக் காம்பரா (குழந்தைகள் காப்பகம்) அக்கா, வீட்டோடு இருக்கும் அனுபவமுள்ள பெண் என்று யாராவது இருப்பார். அவருக்கு வேலையைச் சொல்லிக்கொடுக்க ஒரு பயிற்சிபெற்ற பராமரிப்பாளரை மூன்று நாலு நாளைக்கு மட்டும் கூலிக்கு எடுங்கள். அந்த நாட்களில் வீட்டுப் பெண்ணும் புதிய அக்காவும் சேர்ந்தே பழகட்டும். சொந்தக்காரராக இருந்தாலும் சம்பளம் பேசித்தான் எடுக்க வேண்டும். "நம்ம ஆள்தானே" என்று பேசாமல் விட்ட ஏற்பாடு இரண்டு மாதத்தில் மனக்கசப்பில் முடியும்.

வெளியாளிடம் வாங்க வேண்டியவை: அடையாள அட்டைக் கொப்பி (மூலத்தைப் பார்த்து ஒப்பிட்டு), கிராம உத்தியோகத்தரின் வதிவிட, நற்சான்றுப் பத்திரம், பயிற்சிச் சான்றிதழ், முன்பு வேலை செய்த இரண்டு வீட்டுத் தொலைபேசி இலக்கம். அந்த வீடுகளுக்குக் கட்டாயம் பேசுங்கள். "நல்லவரா?" என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். "ஏன் போனார்? எத்தனை நாள் முன்னால் சொன்னார்? இரவில் கூப்பிட்டால் எழும்புவாரா?" என்று கேளுங்கள்.

பராமரிப்பாளர் பயிற்சிக்கு என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) சான்றிதழ் இருக்கிறது. ஒரு வாரக் கருத்தரங்குத் துண்டையும் அதையும் ஒன்றாக நினைக்காதீர்கள். தாதி என்று சொல்கிறவரிடம் இலங்கை தாதியர் பேரவைப் பதிவைக் கேளுங்கள். வெள்ளைச் சட்டை போட்டு "மிஸ்" என்று கூப்பிடப்படுகிற எல்லாரும் பதிவுபெற்றவர்கள் இல்லை.

இதே சான்றிதழோடு இஸ்ரேலுக்கும் ஜப்பானுக்கும் போகக் காத்திருப்பவர்கள் நிறைய. அது அவர்களுடைய உரிமை, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் "வெளிநாட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறீர்களா?" என்று முதல் நாளே கேட்டுவிட்டால், விசா வந்த மறுநாள் நீங்கள் தனியே நிற்கமாட்டீர்கள்.

மொழியையும் பாருங்கள். தமிழ் மட்டும் தெரிந்த பாட்டிக்குச் சிங்களம் மட்டும் தெரிந்த ஆள் வந்தால், இரவில் "வலிக்குது" என்பதும் "ஒன்னுக்கு வருது" என்பதும் புரியாமல் போகும். வேறு ஆள் கிடைக்காவிட்டால் தண்ணி, பசி, வலிக்குது, குளிருது, ஒன்னுக்கு, திருப்பு என்று பத்துச் சொல்லைச் சிங்கள எழுத்தில் அட்டையில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டுங்கள்.

6. கணக்கு

விலை ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். கீழே உள்ள தொகைகள் கணக்குப் போடும் முறையைக் காட்டுவதற்கான உதாரணம் மட்டுமே. உங்களுக்குச் சொல்லப்பட்ட விலையை அந்த இடத்தில் போடுங்கள்.

24 மணித்தியால ஆளுக்கு நாளொன்றுக்கு 4,500 ரூபாய் என்றால் 30 நாளைக்கு 135,000. அதையே இப்படிப் பிரித்துப் பாருங்கள்: வாரம் இரண்டு இரவு, மாதம் எட்டு இரவு, இரவுக்கு 3,000 வீதம் 24,000. மாதம் நான்கு ஞாயிறு பகல், 2,500 வீதம் 10,000. கதீற்றர் மாற்றத் தாதி ஒரு தடவை 3,000. மொத்தம் 37,000. நான்கில் ஒரு பங்கை விடச் சற்றே கூடிய செலவில், பார்ப்பவருக்கு எட்டு முழு இரவுத் தூக்கமும் நான்கு ஓய்வு நாளும் கிடைக்கிறது.

மறுபக்கத்தையும் எழுதுங்கள். 2024 செப்டம்பரில் தோட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. உங்கள் இப்போதைய சம்பளச் சிட்டையில் உள்ள தொகையைப் பாருங்கள். 1,350 என்று வைத்தாலே, மாதத்தில் பத்து நாள் பெயர் விழாவிட்டால் (நாட்சம்பளம் பதியாவிட்டால்) 13,500 போகிறது. அதோடு முதலாளி கட்டும் ஈ.பி.எஃப். 12 வீதமும் ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதமும், அதாவது 2,025 ரூபாயும் சேராமல் போகிறது. அரைப்பேராக (அரை நாள் சம்பளமாக) போட்டுக்கொண்டு ஓடிவருகிற நாட்களையும் சேருங்கள். "வீட்டில பார்த்தா காசு செலவில்லை" என்பது இந்தக் கணக்கைப் போடாதவர்களின் பேச்சு.

பொருட்செலவு தனி. நாளுக்கு நான்கு பேம்பர்ஸ் என்றால் மாதம் 120, பத்து உள்ள பக்கெட் பன்னிரண்டு. நூறு கிளவுஸ் உள்ள பெட்டி, நாளுக்கு ஆறு ஜோடி பாவித்தால் எட்டு நாளில் முடியும். காற்று மெத்தை வாங்கினால் மின்சாரம் போகும்போது காற்று இறங்காத வகையா என்று கேளுங்கள். மெத்தை இருந்தாலும் பக்கம் திருப்புவது நிற்கக்கூடாது.

ஏஜென்சி விலை சொல்லும்போது மறைந்து நிற்பவை: பதிவுக் கட்டணம், முற்பணம், ஆளின் பஸ் காசு, சாப்பாடு, போயா (பௌர்ணமி) மற்றும் பொது விடுமுறை நாள் கட்டணம். ஓய்வுபெற்றவரின் ஈ.பி.எஃப். காசு மொத்தமாகக் கையில் இருக்கும் வீடுகளில் "மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கட்டினால் குறைத்துத் தருகிறோம்" என்று கேட்பார்கள். கட்டாதீர்கள். முதல் மாதம் வாரத்துக்கு வாரம் கொடுங்கள்.

7. எழுத்தில் இருக்க வேண்டியது

ஒரு பக்கம் போதும், தமிழில் இருக்க வேண்டும். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ நீட்டினால் தமிழ்ப் பிரதி கேளுங்கள், அல்லது வாசிக்கத் தெரிந்தவரிடம் காட்டும்வரை கையெழுத்து வைக்காதீர்கள். வேலை நேரம், செய்யும் வேலைகள், செய்யாத வேலைகள், சம்பளமும் கொடுக்கும் திகதியும், வாரத்தில் ஓய்வு நாள், நிறுத்துவதற்கு இரு தரப்பும் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், ஆள் வராவிட்டால் எத்தனை மணித்தியாலத்துக்குள் மாற்றாள், முற்பணம் எப்போது திரும்பும் என்பவை அதில் இருக்கட்டும்.

"செய்யாத வேலைகள்" என்ற வரி முக்கியம். பராமரிப்புக்கு வந்தவரிடம் வீட்டுச் சமையலையும் பிள்ளைகளின் துணியையும் கொடுத்தால், பக்கம் திருப்புவது தவறும். அந்த ஆளும் களைத்துப்போவார். அவருக்கும் வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு வேண்டும்.

ஏ.டி.எம். அட்டை, வங்கிப் புத்தகம், நகை எதையும் அவர் பொறுப்பில் விடாதீர்கள். அது இரு தரப்புக்கும் பாதுகாப்பு. கட்டிய காசைத் திருப்பித் தராமல் இழுத்தடித்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு முறையிடலாம், மத்தியஸ்த சபைக்கும் போகலாம். இரண்டுக்கும் பற்றுச்சீட்டு வேண்டும்.

8. முதல் வாரமும் கட்டில் பக்கத்துக் கொப்பியும்

முதல் மூன்று நாள் வீட்டார் ஒருவர் கூட இருக்க வேண்டும். நான்காம் நாள் பகலில் இரண்டு மணித்தியாலம் வெளியே போய்வந்து பாருங்கள். இரவை ஒப்படைப்பது அதற்குப் பிறகுதான்.

ஒரு கொப்பியில் நேரம், சாப்பாடு, மருந்து, சிறுநீர், மலம், எந்தப் பக்கம், தோல், கையெழுத்து என்று கட்டம் போடுங்கள். "இரவு 12.10, இடது பக்கம். பை 400 மி.லீ., நிறம் தெளிவு. வலது குதிக்காலில் கருமை, விரலால் அழுத்தினால் மாறவில்லை. பஞ்சுத் தலையணை வைத்தேன்" என்று எழுதுகிற ஆள் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். எல்லா இரவும் பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று சரியாக ஒரே மையில் எழுதியிருந்தால், காலையில் உட்கார்ந்து நிரப்பியது என்று அர்த்தம். நமது நிறத் தோலில் சிவப்புத் தெரியாது. கருமை, சூடு, கெட்டித்தன்மை ஆகியவற்றையே தேட வேண்டும்: குதிக்கால், இடுப்பெலும்பு, வால் எலும்பு, முழங்கை, பின்தலை.

டியூப்பில் கொடுக்கும்போது தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை உயர்ந்திருக்க வேண்டும், கொடுத்து முடித்தும் ஒரு மணித்தியாலம் அப்படியே வைத்திருப்பது நல்லது. ஒவ்வொரு தடவையும் டியூப் இடத்தில் இருக்கிறதா என்று வாட்டில் காட்டிய முறையில் பார்த்த பிறகே ஊற்ற வேண்டும். அவசரப்பட்டு ஊற்றுகிற ஆளை உடனே மாற்றுங்கள், நெஞ்சுச்சளிக் காய்ச்சல் வருவது இதனால்தான்.

இங்கத்தைய குளிருக்கு விடியக் காலையில் உடம்பு துடைக்க வேண்டாம். பகல் பதினொன்றிலிருந்து ஒன்றுக்குள், கதவை மூடிக்கொண்டு, ஒரு பக்கம் மூடி மறுபக்கம் துடைக்கலாம். சுடுதண்ணிப் பையைப் பாரிசவாதக் காலிலோ சீனி வருத்தம் உள்ளவரின் பாதத்திலோ வைக்கவே கூடாது. சூடு உணராமல் வெந்துபோகும், அந்தப் புண் ஆறாது.

பார்ப்பவரின் இடுப்பைக் காப்பாற்ற இரண்டு விஷயம். தோளிலிருந்து தொடை வரை வரும்படி ஒரு படுக்கை விரிப்பை இரண்டாக மடித்து நோயாளிக்கு அடியில் போடுங்கள். இரண்டு பேர் இரண்டு பக்கமும் அதைப் பிடித்து நகர்த்தினால் தூக்கத் தேவையில்லை. கட்டில் கால்களுக்கு அடியில் அசையாத மரக்கட்டை வைத்து, வேலை செய்கிறவரின் இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். ஆனால் தானாக இறங்கப் பார்க்கிற நோயாளி என்றால் கட்டிலை உயர்த்த வேண்டாம், விழுவார்.

9. ஓய்வு நாள் ஓய்வாக இருக்க

ஆள் வந்த ஞாயிறில் பார்ப்பவர் துணி துவைத்து, வீடு கழுவி, டவுனுக்குப் போய் மருந்து வாங்கி வந்தால் கொடுத்த காசு வீண். முதல் இரண்டு ஓய்வையும் தூங்குவதற்கும், அவரது சொந்தக் கிளினிக்குக்கும் ஒதுக்குங்கள். இரவு ஆள் வரும் நாளில் அவர் வேறு காம்பராவில், முடிந்தால் பக்கத்து வீட்டில் படுக்க வேண்டும். அதே காம்பராவில் படுத்தால் ஒவ்வொரு இருமலுக்கும் எழும்புவார்.

கொழும்பில் இருக்கிற தம்பியும் குவைத்தில் இருக்கிற தங்கையும் "அண்ணி இருக்காங்கதானே" என்று இருந்துவிடுவது வழக்கம். ஆறாம் படியில் போட்ட கணக்கைப் படம் எடுத்துக் குடும்ப வட்ஸ்அப்பில் போடுங்கள். "ஏதாவது அனுப்புங்க" என்று கேட்காமல், "செவ்வாய் இரவு ஆளின் காசு உங்களுடையது, மாதம் 12,000, ஐந்தாம் திகதிக்குள்" என்று பெயர் சொல்லிப் பிரியுங்கள். பெற்றோரைப் பிள்ளைகள் கைவிடக்கூடாது என்றும், பராமரிப்புப் பணம் கோரலாம் என்றும் 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அதைக் கடைசி வழியாக வைத்திருங்கள். பெரும்பாலும் அதைச் சொல்லிக்காட்டுவதே போதுமாக இருக்கும்.

10. ஆள் வராத நாட்களுக்கு

ஏப்ரல் புத்தாண்டு வாரத்திலும் தீபாவளிக்கும் பராமரிப்பாளர்கள் ஊருக்குப் போவார்கள், மாற்றாளும் கிடைக்காது. மார்ச் தொடக்கத்திலேயே யார் எந்த நாள் என்று சொந்தக்காரர்களிடம் பேசி வையுங்கள். மழைக்காலத்தில் மண்சரிவால் பாதை மூடப்படும். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலின்போது மலையகத்தில் பல இடங்கள் துண்டிக்கப்பட்டுக் கிடந்தன. மருந்து, பேம்பர்ஸ், டியூப் சாப்பாட்டு மாவு இரண்டு வாரத்துக்குக் கையிருப்பில் இருக்கட்டும். வீடு இருக்கும் இடம் மண்சரிவு அபாயம் உள்ளது என்றால், படுக்கையில் இருப்பவரை எச்சரிக்கை வந்தவுடன் பகலிலேயே நகர்த்த வேண்டும். யார் தூக்குவது, யார் வீட்டுக்கு என்பதை முன்பே பேசுங்கள்.

கதவுக்குப் பின்னால் ஒரு தாள் ஒட்டுங்கள். முதல் வரியில் இலவச அம்பியூலன்ஸ் 1990. அடுத்து தோட்டத்தின் பெயர், டிவிஷன், லய இலக்கம், வண்டி எதுவரை ஏறும், அங்கே உள்ள அடையாளம் (கோவில், கடை, பெரட்டுக் களம்). புதிய பராமரிப்பாளருக்கு இந்த முகவரி வாயில் வராது, வாசித்தே சொல்லட்டும். வண்டி ஏறாத இடம் என்றால் தூக்கி வருவதற்கு இரண்டு பேருடைய பெயரும் ஓட்டோக்காரரின் இலக்கமும். கூப்பிட வேண்டிய நேரம்: மூச்சு வாங்கினால், வலிப்பு வந்தால், வாய் புதிதாகக் கோணினால், கூப்பிட்டு எழும்பாவிட்டால், நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், கதீற்றரில் நாலைந்து மணித்தியாலமாகச் சிறுநீர் வராமல் வயிறு உப்பினால். சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர் திடீரென்று வியர்த்துக் குழம்பினால், விழுங்க முடிகிறது என்றால் மட்டும் மூன்று தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீர் கொடுக்கலாம். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றக்கூடாது, உடனே 1990. தாளின் அடியில் டயக்னோசிஸ் கார்ட் கொப்பி இருக்கும் பை எங்கே தொங்குகிறது என்றும் எழுதிவிடுங்கள்.